மாணவர் ஆவணப்படத்தைப் பார்த்த பிறகு என்ன சொல்வது?

04.06.2024, இரவு 8.10 (வாசகர் கேள்வி)

வடமராட்சியில் ஒரு பாடசாலையில் உயர்தர மாணவர்களுக்கு ஊடகக் கற்கை படிப்பிக்கிறேன். இந்தத் தவணையில் ஐந்து குழுக்கள் ஆளுக்கொரு பத்து நிமிட ஆவணப்படம் செய்து தந்திருக்கின்றன. குறையைச் சொன்னால் முகம் வாடிவிடுகிறது. சொல்லாமல் விட்டால் அடுத்த படமும் இப்படியே வருகிறது. முதலில் ஒரு நல்லது, நடுவில் குறை, கடைசியில் இன்னொரு நல்லது என்று சொல்லும்படி ஒரு பயிலரங்கில் கற்றுத் தந்தார்கள். அந்த முறை எனக்கு ஏனோ ஒட்டவில்லை. மாணவர் படங்களோடு பழகியவர்கள் எப்படிச் சொல்கிறீர்கள்?

04.06.2024, இரவு 10.45

ஒட்டாததற்குக் காரணம் இருக்கிறது. அந்த வரிசையை மாணவர்கள் இரண்டாம் தடவையே கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதன் பிறகு முதற்பாராட்டு அவர்களின் காதில் விழுவதில்லை. "ஆனால்" எப்போது வரும் என்று காத்துக்கொண்டு இருக்கிறார்கள். கடைசிப் பாராட்டோ ஆறுதற் பரிசாகிவிடுகிறது.

நான் படத்தொகுப்புச் செய்பவன். யாழ்ப்பாணத்தில் இளையவர்கள் எடுக்கும் படங்களை, அவை முடிவதற்கு முன்னரே, அவர்களோடு இருந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்து வருகிறது. நல்லது கெட்டதுக்குப் போவதற்கு முன்னர், நான் எதைப் பார்த்தேன் என்பதை மட்டும் அவர்களுக்குச் சொல்வது என் வழக்கம்.

ஓர் உதாரணம். குருநகர் நண்டுத் தொழிலைப் பற்றி ஒரு குழு படம் எடுத்திருந்தது. அப்பாதான் கதாநாயகன்: படகு, இயந்திரம், விடியற்கால வானம், நேருக்கு நேர் பேட்டி. படம் முடிந்ததும் என் நினைவில் நின்றவற்றை வரிசையாகச் சொன்னேன். முதலில் வந்தது, கரையில் குந்தியிருந்து, நண்டின் கால் ஒடியாமலும் வலைக்கண் அறுந்துவிடாமலும் ஒவ்வொன்றாகக் கழற்றுகிற அம்மாவின் கைகள். அப்பாவைப் பற்றி நினைவிருந்தது அவருடைய சேட்டின் நிறம் மட்டுமே. நான் சொன்னதில் பாராட்டும் இல்லை, குறையும் இல்லை. ஆனாலும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கைகளை இடைநிரப்பாகத்தான் எடுத்திருந்தார்களாம்; அதே காட்சியின் நீண்ட பதிவு ஒன்று தொடப்படாமல் கணினியில் கிடந்தது. அடுத்த வெட்டில், அதாவது திருத்தித் தொகுத்த படத்தில், அம்மா வந்துவிட்டார். அதைச் செய்யும்படி நான் சொல்லவேயில்லை.

04.06.2024, இரவு 11.05

ஒன்று விடுபட்டுவிட்டது. "படம் இழுக்கிறது" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். எந்த நிமிடத்தில் இழுத்தது என்று சொல்லுங்கள். முதற்பார்வையில் நான் எதுவும் எழுதுவதில்லை. இரண்டாம் பார்வையில் ஒரு தாளில் நேரத்தை மட்டும் குறித்துக்கொள்வேன்: 3.40இல் கடிகாரத்தைப் பார்த்தேன், 5.15இல் யார் பேசுகிறார் என்று தெரியவில்லை, 7.02இல் சிரித்தேன். இப்படிக் குறித்துக் கொடுத்தால் மாணவர் அந்த இடத்துக்கே போய்ப் பார்க்கலாம், வேண்டுமானால் எதிர்த்துப் பேசலாம். "இழுக்கிறது" என்ற ஒற்றைச் சொல்லோடு யாரும் வாதாட முடியாது. வீட்டுக்குப் போய் மனம் நோகத்தான் முடியும்.

05.06.2024, மாலை 6.30

பாராட்டாமல் தொடங்கினால் பிள்ளைகள் கமெராவையே கீழே வைத்துவிடுவார்கள் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பாராட்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாராட்டும் குறிப்பிட்ட ஓர் இடத்தைச் சுட்டினால்தான் பயன்படும். "ஒளிப்பதிவு அருமை" என்பது "இழுக்கிறது" என்பதைப் போலவே கையில் பிடிபடாத சொல்.

அமெரிக்க நடன அமைப்பாளர் லிஸ் லேர்மன் படைப்பைப் பற்றிக் கருத்துச் சொல்வதற்கென 1990இல் உருவாக்கத் தொடங்கிய ஒரு முறை பல நாடுகளின் கலைப் பயிற்சிகளில் புழங்குகிறது. அதில் நான்கு படிகள் உண்டு. பார்த்தவர்கள் தமக்குப் பொருள்பட்டது எது, மனத்தில் தங்கியது எது என்று முதலில் சொல்கிறார்கள். பிறகு படைத்தவர் அவர்களிடம் கேள்வி கேட்கிறார். அதன் பின்னர் பார்த்தவர்கள் படைத்தவரிடம் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குள் கருத்தை ஒளித்து வைக்கக்கூடாது என்பது நிபந்தனை. கடைசிப் படியில், "இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, சொல்லலாமா?" என்று அனுமதி கேட்டுக் கருத்தைச் சொல்கிறார்கள், வேண்டாம் என்று சொல்லும் உரிமை படைத்தவருக்கு உண்டு.

இங்கே அதைச் செய்து பார்த்ததில் முதற்படி மிக நன்றாக நடந்தது. இரண்டாம் படியில் சிக்கியது. "உங்களுக்கு எங்களிடம் என்ன கேட்க வேண்டும்?" என்றால், எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "படம் நல்லா இருக்கோ சேர்?" ஆகவே கேள்வி கேட்பதையே முதலில் பழக்க வேண்டியிருக்கிறது. "அப்பு வன்னிக்கு இடம்பெயர்ந்த கதையைச் சொல்லேக்க, அது எந்த வருசம் எண்டு விளங்கிச்சோ?" என்று ஒரு மாணவி கேட்ட நாளில் அறையின் தன்மையே மாறியது. அந்தக் கேள்விக்கு எல்லாரிடமும் விடை இருந்தது; இருவருடைய விடை ஒத்துப்போகவில்லை; தவறு எங்கே என்று அவளே பிடித்துக்கொண்டாள்.

நான்காம் படி யாழ்ப்பாணத்தில் வெறும் சடங்காகிவிடுகிறது. ஒரு சேரோ மிஸ்ஸோ "சொல்லட்டோ?" என்று கேட்டால், "வேண்டாம் சேர்" என்று சொல்லும் பிள்ளை இந்தக் குடாநாட்டில் இன்னும் பிறக்கவில்லை. அதனால் நான் அந்த அனுமதியை வாயால் கேட்பதை விட்டுவிட்டேன். என் குறிப்புகளின் தலைப்புகளை மட்டும் எழுதிக் கொடுக்கிறேன்: ஒலி, தொடக்கம், அந்த அம்மாவின் பேட்டி, முடிவு. எதைப் பற்றி இன்று கதைக்க விருப்பம் என்று அவர்கள் கோடிட்டுத் தரலாம். முடிவைப் பற்றி இன்றைக்கு வேண்டாம் என்று கோடிடாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். முகத்துக்கு நேரே அவர்களால் அதைச் சொல்லியிருக்க முடியாது.

11.06.2024, இரவு 9.20

கேள்வி கேட்ட ஆசிரியை தம் மாணவர் படமொன்றின் பின்னணி உரையை இங்கே தட்டச்சுச் செய்து போட்டிருக்கிறார். வாசிக்கத் தொடங்கியதும் வரப்போவது தெரிந்துவிட்டது: "கற்பகதரு எனப் போற்றப்படும் பனை, யாழ்ப்பாணத் தமிழரின் வாழ்வோடு பின்னிப் பிணைந்தது." பனையைப் பற்றிய மாணவர் படங்களில் இந்த வாக்கியம் இல்லாத ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். தமிழ்மொழித் தினப் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கிக் கொடுத்த நடை அதுதான்; ஒலிவாங்கியைக் கண்டால் தானாக வந்துவிடுகிறது.

"பின்னணி உரை அதிகம்" என்று சொல்லிப் பார்த்தேன். நான்கு வாக்கியங்களை வெட்டிவிட்டு வருவார்கள், சுமை அப்படியே இருக்கும். இப்போது சொல்வது வேறு. உரை இருக்கும் தடத்தை முழுவதும் நிறுத்திவிட்டுப் படத்தை ஓட விடுங்கள், உரை இல்லாததால் உண்மையில் விளங்காமல் போனது எது என்று எழுதுங்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் ஓர் ஊரின் பெயர், ஓர் ஆண்டு, பேசுபவருக்கும் வீட்டுக்கும் உள்ள உறவு என்று அரைப்பக்கம்கூட வராது. அந்த அரைப்பக்கம்தான் தேவையான உரை. மிச்சத்தைப் படமே சொல்லிக்கொண்டிருந்தது, அல்லது யாருமே கேட்கவில்லை.

உரையே கூடாது என்று இதைப் படித்துக்கொள்ள வேண்டாம். 1934இல் பேசில் றைற் இயக்கிய 'சோங் ஒஃப் சிலோன்' தேயிலை விளம்பரப் பணத்தில் தொடங்கிய படம். அதில் நம் நாட்டவரான லயனல் வென்ட் வாசிப்பது, இலங்கையில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் எழுதி 1681இல் வெளியான நூலிலிருந்து எடுத்த வரிகள். கண்ணுக்குத் தெரிவதை அந்தக் குரல் திரும்பச் சொல்வதில்லை. இரண்டரை நூற்றாண்டு தள்ளி நின்று பேசுகிறது. இன்னொரு பகுதியில் உழைக்கும் மனிதரின் காட்சிகளின் மேல் வணிகக் குரல்களும் சந்தை நிலவரங்களும் ஓடுகின்றன. அது காலனித்துவக் கண் என்ற விமர்சனம் நியாயமானதே. ஆனாலும் குரலும் படமும் ஒன்றையொன்று உரசினால் என்ன நடக்கும் என்று மாணவருக்குக் காட்டுவதற்கு இதைவிட அருகில் ஓர் உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

11.06.2024, இரவு 9.50

ட்ரோனைப் பற்றி ஏன் இன்னும் யாரும் எழுதவில்லை? கோட்டை, பண்ணைப் பாலம், நூலகம், அதன் பிறகு படத்தின் பெயர். யாழ்ப்பாணத்தை மேலிருந்து பார்த்துப் பார்த்து, இங்கே மனிதர்கள் நிலத்தில் நடப்பதே சந்தேகமாகிவிட்டது. நான் கேட்பது ஒரே கேள்விதான்: இங்கிருந்து பார்ப்பவர் யார்? வழுக்கை ஆற்றைப் பற்றிய படமொன்றில் அதற்கு விடை இருந்தது. மாரியில் மட்டும் ஓடும் அந்த ஆற்றின் தடத்தை, வயலுக்கும் மதகுக்கும் இடையில் நின்று பார்த்தால் பிடிக்க முடியாது. மேலே போனால்தான் கோடு தெரியும். விடை இல்லாத இடத்தில் ட்ரோன் வெறும் வாடகைச் செலவு. சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகளைப் பார்க்காமல் பறக்கவிட்டால் வேறு செலவும் வரலாம்.

18.06.2024, இரவு 8.40

நிமிடத்தைக் குறித்துக் கொடுங்கள் என்று 4ஆம் திகதி எழுதியதோடு இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். குறிக்கப்பட்ட நிமிடத்தில் அலுப்புத் தெரிகிறதே ஒழிய, காரணம் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. முதுகில் பிடித்த நரம்புக்குக் கால் வலிப்பதைப் போலத்தான் இதுவும். 6.10இல் எல்லாருக்கும் அலுப்புத் தட்டியதென்றால், மாணவர் 6.10இல் உள்ள பேட்டியைச் சுருக்கிக்கொண்டு வருகிறார், இப்போது 5.50இல் அலுப்புத் தட்டுகிறது. பேசுகிறவருக்கு அந்தக் காணியோடு என்ன சம்பந்தம் என்று 1ஆம் நிமிடத்தில் சொல்லாமல் விட்டதுதான் கோளாறு. அது தெரிந்திருந்தால் அதே பேட்டியை இருமடங்கு நேரம் கேட்டுக்கொண்டு இருப்போம்.

ஆகவே நேரத்தைச் சொல்லுங்கள், ஆனால் மருந்தைச் சேர்த்துச் சொல்லாதீர்கள். "6.10இல் என் கவனம் போய்விட்டது, அவர் யார் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது" என்பது போதும். "அதை வெட்டு" என்று சொல்லும் ஆசை தொகுப்பாளர்களுக்குத்தான் மிக அதிகம். மாணவரின் கணினிக்கு முன்னால் இருக்கும்போது என் கையை நான் மேசைக்குக் கீழேயே வைத்திருப்பேன்.

02.07.2024, மாலை 7.15

ஒலியில் உள்ள குறைகளை மாணவரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டவருக்கு. இது சோளகக் காலம். மைக்கின் மேல் காற்றுத் தடுப்பு இல்லாமல் ஊர்காவற்றுறையிலோ நயினாதீவிலோ பேட்டி எடுத்தால் பேச்சை மீட்க முடியாது. அதைப் பற்றி மாணவரிடம் நீளமாகச் சொல்வதிலும் பயனில்லை, அவருக்கே தெரியும். இனித் திருத்த முடியாததைத் திரும்பத் திரும்பச் சொல்வது தண்டனையே ஒழியக் கருத்துரை ஆகாது. அடுத்த படத்துக்கு என்று ஒரு வரி எழுதிவிட்டு, இப்போது கையில் இருப்பதில் என்ன செய்யலாம் என்று பாருங்கள். பேட்டி கொடுத்தவர் பக்கத்து ஊரில்தான் இருக்கிறார் என்றால், அறைக்குள் இருத்தி அதே கதையைக் குரலாக மட்டும் பதியலாம்.

மின்விளக்குப் பட்டைகளும் அப்படித்தான். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் டியூப் லைற் வினாடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கிறது. கைத்தொலைபேசியில் வினாடிக்கு 30 பிரேமில், ஷட்டர் வேகம் வினாடியின் 60இல் ஒன்று என்று இருக்கும்போது படத்தில் பட்டைகள் நகர்கின்றன. 50இல் ஒன்றுக்கோ 100இல் ஒன்றுக்கோ மாற்றினால் மறைந்துவிடும். இதைப் படப்பிடிப்புக்கு முன்னர் ஐந்து நிமிடத்தில் சொல்லிக் கொடுக்க வேண்டும். பிறகு குறையாகச் சொல்வதானால் குறை யாருடையது?

கோயில் ஒலிபெருக்கிக்கு மட்டும் ஒரு விலக்கு. பேட்டிக்குப் பின்னால் பாட்டுக் கேட்கிறதே என்று மாணவர்கள் மன்னிப்புக் கேட்கிறார்கள். அது கேட்கட்டும், திருவிழாக் காலத்து யாழ்ப்பாணம் அப்படித்தான் இருக்கும். கோளாறு வேறிடத்தில் உண்டு: பேச்சை வெட்டி ஒட்டும்போது பின்னால் போகும் பாட்டும் அடி தாண்டிக் குதிக்கிறது. வெட்டு எங்கே விழுந்தது என்பதைச் சீர்காழியின் குரல் காட்டிக்கொடுத்துவிடும். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அதே இடத்தின் சத்தத்தை ஒரு நிமிடம் தனியாகப் பதிந்தால் சாதாரணச் சூழல் ஒலிக்கு உதவும். பாட்டுக்கு அதுவும் உதவாது. பாட்டு நிற்கும்வரை ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

09.07.2024, இரவு 10.30

அதட்டாமல், ஆனால் வளைக்காமல், நேராகச் சொல்ல வேண்டியதும் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்களைப் பற்றிய மாணவர் படங்களைச் சொல்கிறேன்.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 முதல் உறவுகள் தொடர் போராட்டத்தில் இருந்துவருகிறார்கள். அவர்களிடம் உள்ளூர், வெளிநாட்டுக் கமெராக்கள் வராத மாதம் இல்லை. ஏறக்குறைய எல்லாக் கமெராக்களும் ஒரே கேள்வியைக் கேட்டன. அந்த அம்மாக்கள் ஒரே படத்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஒரே பதிலைச் சொன்னார்கள். பத்தொன்பது வயது மாணவர் ஒருவர் அதே கேள்வியோடு போகிறார். அம்மா பேசத் தொடங்கி, நடுவில் குரல் உடைகிறது. கமெரா முகத்தை நோக்கி நெருங்குகிறது. கண்ணீர் வழியும்போது புல்லாங்குழல் எழுகிறது. அந்த ஷொட் அங்கேயே வெட்டப்படுகிறது.

இப்படி ஒரு படம் திரையிடப்பட்ட மண்டபத்தில் நான் இருந்தேன். நடுவர் ஒருவர் அதை "உருக்கம்" என்று புகழ்ந்தார். அந்தச் சொல்லைக் கேட்ட மாணவர்கள் அடுத்த ஆண்டு என்ன எடுப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தவறு பிள்ளைகளிடம் இருந்து தொடங்கவில்லை. கண்ணீருக்குப் புள்ளி கொடுப்பவர்கள் நாங்கள்.

அந்த மாணவரோடு பிறகு தனியாக இருந்து பேசினேன். தனியாக என்பது முக்கியம், ஏனென்றால் அந்த அம்மாவின் உறவினர் மண்டபத்தில் இருந்திருக்கலாம். அவர்களுக்கு முன்னால் அவருடைய அழுகையை ஒரு ஷொட்டாக வைத்து அலசுவது இரண்டாம் முறை அதே காரியத்தைச் செய்வதாகும். நான் கேட்டவை: முழு வாக்கியத்தையும் அம்மா சொல்லி முடித்தாரா? முடித்தார். அது எங்கே? வெட்டிவிட்டோம். அதில் என்ன சொன்னார்? மாணவர் சற்று யோசித்துவிட்டு, மகன் காணாமற்போன கிழமை வந்த மின்சாரப் பட்டியலை அம்மா இன்னும் வைத்திருப்பதாகச் சொன்னார் என்றார். அந்த வாக்கியம் படத்தில் இல்லை! புல்லாங்குழல் இருக்கிறது.

"அப்ப அழுறதை எடுக்கவே கூடாதோ சேர்?" என்று கேட்டார். எடுக்கலாம். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பப் பேச வரும்வரை வெட்டாமல் இருக்க வேண்டும், கமெரா இருந்த இடத்தில் இருக்க வேண்டும், இசை வாய் மூடியிருக்க வேண்டும். வெட்டிய படத்தை வெளியே காட்டுவதற்கு முன்னர் அம்மாவுக்குக் காட்ட வேண்டும்; இந்த இடம் வேண்டாம் என்று அவர் சொன்னால் அந்த இடம் போக வேண்டும். பேட்டி கொடுக்கச் சம்மதித்தவர், யூடியூப்பில் என்றைக்கும் இருப்பதற்குச் சம்மதித்தவர் ஆகிவிட மாட்டார்.

10.07.2024, காலை 6.50

நேற்றையதற்கு ஒரு பின்குறிப்பு. மென்மையாகச் சொல்வதா கடுமையாகச் சொல்வதா என்று இந்த இழை முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். மாணவரின் தெரிவைப் பற்றியது என்றால் நான் கேள்வியாகக் கேட்கிறேன். படத்தில் வரும் மனிதருக்குப் பாதிப்பு வரும் என்றால் கேள்வியாகக் கேட்பதில்லை. "இதை எடுத்துவிடுங்கள், காரணம் இது" என்று சொல்லிவிடுகிறேன். லேர்மனின் அனுமதியெல்லாம் படைத்தவருக்கும் பார்ப்பவருக்கும் இடையில்தான். ஆவணப்படத்தில் அறைக்குள் இல்லாத மூன்றாம் ஆள் ஒருவர் எப்போதும் இருக்கிறார்.

23.07.2024, இரவு 9.00

"பனையில் கள் இறக்கும் சீவல் தொழில் செய்யும் ஐயாவை மாணவர்கள் மறுபடி மரம் ஏறச் சொன்னார்கள், அது நடிப்பு, ஆவணப்படமே இல்லை" என்று ஒருவர் சூடாக எழுதியிருக்கிறார். சூடு சரிதான், காரணம் வேறு.

அமெரிக்க இயக்குநர் ஃபிளாஹெர்ட்டி ஓர் இனுவிட் குடும்பத்தைப் பற்றி எடுத்து 1922இல் வெளிவந்த 'நானூக் ஒஃப் த நோர்த்' படத்தில், பனிவீட்டின் உள்ளே கமெராவுக்கு வெளிச்சம் போதாததால், ஒரு பக்கம் திறந்திருக்கும்படி கட்டிய வீட்டில் குடும்பம் உறங்கி எழும்புவதை எடுத்தார்கள். 'ஆவணப்படம்' என்ற பெயரையே பிரபலமாக்கிய பிரித்தானியர் கிரியர்சன், அதை மெய்ம்மையின் படைப்பாக்கமாகத்தான் விளக்கினார். ஆகவே திரும்பச் செய்யச் சொன்னதாலேயே ஒரு படம் பொய்யாகிவிடாது. ஒருவர் அன்றாடம் செய்வதைக் கமெராவுக்காக அவர் திரும்பச் செய்வதும், அவர் ஒருநாளும் செய்யாததைச் செய்யச் சொல்வதும் ஒன்றாகாது.

நான் அந்த மாணவர்களிடம் இரண்டைக் கேட்பேன். எந்த நேரத்தில் ஏறச் சொன்னீர்கள்? சீவுபவர் காலையிலும் மாலையிலும் ஏறுகிறார். வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று நண்பகலில் ஏற்றினால், தொழிலை அறிந்த எவரும் நிழலைப் பார்த்தே சிரிப்பார்கள். இரண்டாவது, அந்த மேலதிக ஏற்றத்துக்கு என்ன கொடுத்தீர்கள்? தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு பனையில் ஏறுவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. ஒரு ஷொட் ஒழுங்காக வரவில்லை என்பதற்காக அதை இன்னொரு தடவை இனாமாகக் கேட்பது, மாணவருக்குத் தோன்றாத ஒரு மேட்டிமை. சாதியும் அதற்குள் இருக்கிறது என்பதை யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை; மாணவருக்கு மட்டும் சொல்லியே ஆக வேண்டும்.

06.08.2024, இரவு 8.25

திரையிடலுக்குப் பின்னான கலந்துரையாடல்களைப் பற்றி. மாணவர் படம் முடிந்து விளக்குப் போட்டதும் முன்வரிசையில் இருந்து ஒருவர் எழும்பி, சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்த விவகாரத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுகிறார். இன்னொருவர், குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணக்கல் பாறைக்குள் இருப்பதால் அழுக்கு எளிதில் கீழிறங்கிவிடும் என்று விளக்குகிறார். இரண்டும் உண்மை, இரண்டும் முக்கியம். ஆனால் படத்தை எடுத்த பிள்ளை மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அவளுடைய படத்தைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. பொருளைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போவதும் ஒருவகைப் புறக்கணிப்புத்தான். அது மரியாதையாகத் தோன்றுவதால் யாருக்கும் உறைப்பதில்லை.

2015இல் தொடங்கிய யாழ்ப்பாணச் சர்வதேச திரைப்பட விழா போன்ற இடங்களுக்கு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போவதில் எனக்கு இருக்கும் விருப்பத்துக்கு இது ஒரு காரணம். தம்மை அறியாத ஒருவர் இன்னொருவரின் படத்தைப் பற்றிக் கேட்பதைக் கேட்க வேண்டும். எந்தக் கேள்விக்கு இயக்குநர் நிமிர்ந்து உட்கார்கிறார், எந்தக் கேள்விக்குத் தண்ணீர்ப் போத்தலை எடுக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

நிலாவரைக் கிணற்றுக்கு அடியே இல்லை என்று பின்னணியில் சொன்ன மாணவர்களுக்கு என்ன சொல்வது என்று கேட்டவருக்கும் இங்கேயே பதில். அது பொருள் பற்றிய குறிப்பு, ஆனால் படத்தைப் பற்றியதும்தான். ஊரவர் வாயில் வந்தால் அது நம்பிக்கை, அழகானது, வைத்திருக்கலாம். பின்னணிக் குரலில் வந்தால் அது தகவல், தவறானது. மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உவரும் இருப்பதைச் சொன்னாலே போதுமான ஆச்சரியம் உண்டு. அதே வாக்கியத்தை யார் சொல்கிறார் என்பதை மாற்றச் சொல்லுங்கள். மாணவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

20.08.2024, இரவு 10.10

ஆசிரியை திரும்பி வந்து எழுதியிருக்கிறார்: தலைப்புத் தாள் முறையைச் செய்து பார்த்தாராம், ஐந்து குழுக்களில் மூன்று மறுபடி வெட்டிக்கொண்டு வந்தனவாம், ஒரு குழு எதற்கும் கோடிடாமல் தாளைத் திருப்பித் தந்ததாம். அந்தக் குழுவை ஒரு கிழமை விட்டுவிடுங்கள். அவர்கள் கதைக்க வராவிட்டாலும், மற்றவர்களின் புதிய வெட்டைப் பார்க்கும்போது வகுப்பில் இருக்கட்டும்.

வட்ஸ்அப்பில் குரற்பதிவாகச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நாம் யோசித்துக்கொண்டு இழுத்த "ம்ம்" எல்லாம் அவர்களுக்குப் பெருமூச்சாகக் கேட்கும். வகுப்புக் குழுவுக்குள் அது போகாது என்பதற்கும் உத்தரவாதமில்லை. ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கொடுங்கள், கொடுத்த அன்றே பேச வேண்டாம்.

கருத்துரையோடு புள்ளியையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு: கருத்துரையும் புள்ளியும் ஒரே தாளில் இருக்கக்கூடாது. 62 என்ற எண்ணைக் கண்ட பிறகு கீழே என்ன எழுதியிருந்தாலும், ஏன் 70 கிடைக்கவில்லை என்பதற்கான விளக்கமாகவே வாசிக்கப்படும். தவணை முடிவுக்குப் புள்ளி கட்டாயம் என்றால் கருத்துரையை இந்தக் கிழமை கொடுங்கள், மறுவெட்டுக்கு இரண்டு கிழமை விடுங்கள், புள்ளியை மறுவெட்டுக்குப் போடுங்கள். அதிபர் முதல் வெட்டுக்கும் புள்ளி கேட்டால், அதை இடாப்பில் பதிந்து உங்கள் மேசைக்குள் வைத்துக்கொள்ளலாம்.